கட்டைவிரலுக்கு ஒரு வேலை

தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிற துப்பாக்கிகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் வர வேண்டும். தேதி அறிவித்த கையோடு, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும். வங்கிக் காவலாளிகளுக்கும் போட்டிகளில் சுடுகிறவர்களுக்கும் விலக்குக் கிடைக்கும். மற்றவர்கள் வந்துதான் ஆக வேண்டும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு ஆறாகத் தாண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், வந்து சேர்ந்தவற்றில் தோட்டா ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது ஆயுதப்படை ஆர்மரரின் வேலை. அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான்.

பழைய வேட்டியில் சுற்றிய ஒற்றைக்குழல் வரும். பர்மிங்காம் பெயர் பொறித்த ரெட்டைக்குழல், தோல் உறை முழுக்கப் பூஞ்சணம் பிடித்து வரும். நரிக்குறவர்கள் தோளில் போட்டுக்கொண்டு வரும் நாட்டுத் துப்பாக்கிதான் எப்போதும் எண்ணெய் தடவித் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். கைத்துப்பாக்கி அபூர்வம். அதற்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் காரை விட்டு இறங்க மாட்டார். டிரைவரிடம் பையைக் கொடுத்தனுப்புவார். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி இறக்கிக் கூட்டிவர வேண்டியிருக்கும். மேஜைமேல் வைத்ததும் எல்லோரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்.

“சேஃப்டி எந்தப் பக்கம் தள்ளினா பூட்டும்ங்கய்யா?”

“அதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் தம்பி.”

டெல்டாவில் கைத்துப்பாக்கியின் நூறு வருஷக் கதை இந்தப் பதிலில் இருக்கிறது. பொருள் வந்தது. அதோடு கூட வந்திருக்க வேண்டிய பழக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டமும் நிலமும் சேர்ந்த காரணங்கள் உண்டு.

சேஃப்டிக்கென்று நெம்பு தனியாக வருவதற்கு முன்னால் குதிரை, அதாவது ஹாமர்தான் எல்லாம். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தக் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தாலும் விழாது. முழுக்க இழுத்தால்தான் சுடும். பள்ளம் தேய்ந்துபோன துப்பாக்கி பாதியிலேயே வெடித்துவிடும் என்பதால், ஆயுதக் கிடங்குக்காரன் அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் பார்ப்பான். தஞ்சாவூர் அரண்மனையில் ஆயுத கோபுரம் இன்னும் நிற்கிறது. 1620-ல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த காலத்தை ஒட்டிச் செய்யப்பட்டதாகச் சொல்லும் ராட்சத இரும்புப் பீரங்கி பீரங்கிமேட்டில் கிடக்கிறது. 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரண்மனை ஆயுதங்கள் கும்பினி கைக்குப் போயின. பார்க்க அழகானவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன; மீதியில் பெரும்பகுதியைப் பழைய இரும்பாக உடைத்துத் தள்ளினார்கள். ராஜா காலத்து ஆயுதப் பழக்கம் என்று ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அத்தோடு போயிற்று.

அடுத்து வந்தது லிட்டன் பிரபுவின் 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு, இந்தியர்களுக்கு லைசென்ஸ். இந்தச் சட்டம் தஞ்சாவூரில் செய்த வேலை வேடிக்கையானது. துப்பாக்கியைக் கருவி என்ற இடத்திலிருந்து எடுத்து விருது என்ற இடத்தில் வைத்துவிட்டது. நூறு வேலி நிலம், ராவ் பகதூர் பட்டம், தாலுகா போர்டு மெம்பர் பதவி, அந்த வரிசையில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ். கூடத்தில் மாட்டிய படங்களுக்கு நடுவே ரெட்டைக்குழலுக்கும் ஒரு ஆணி அடித்தார்கள். அல்லது பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையில் சாத்தி வைத்தார்கள். ஆயுத பூஜையன்று எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

அந்த ரெட்டைக்குழல்களுக்காவது ஒரு பழக்கம் இருந்தது. தை மாதம் அறுப்பு முடிந்த ஈரவயலில் உள்ளான் குருவி சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெரிய பொழுதுபோக்கு. கூடப் போன மிராசுதார்களுக்கும் கொஞ்சம் கை பழகியது. குதிரை வெளியே தெரியாத ரெட்டைக்குழல்கள் 1875-ல் ஆன்சன், டீலி என்ற இருவர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனிக்காக வகுத்த அமைப்புக்குப் பிறகு பரவின. அவற்றில் கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில் ஒரு சின்னப் பொத்தான். பெரும்பாலானவற்றில் குழலை மடக்கித் திறந்தாலே அது தானாகப் பின்னுக்கு வந்து பூட்டிக்கொள்ளும். தோளுக்கு ஏற்றும்போது முன்னால் தள்ள வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு: அந்தப் பொத்தான் விசையை மட்டும்தான் பிடிக்கும், உள்ளே இழுபட்டு நிற்கும் ஹாமரை அது பிடிப்பதில்லை. பூட்டியிருக்கிறதே என்று நம்பி வரப்பில் சாத்தி வைத்த துப்பாக்கி சரிந்து விழுந்தால், உள்ளே தேய்மானம் இருந்தால், வெடிக்கலாம். வரப்பு ஏறுமுன் குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துவிடு என்று பழைய வேட்டைக்காரர்கள் சொன்னதற்குக் காரணம் அதுதான். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டையும் நின்றது. கூடவே அந்தச் சொல்லும் நின்றுபோனது.

கைத்துப்பாக்கிக்கு வருவோம். தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருகிற வருஷம் 1911. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட சம்பவம் மணியாச்சியில், ஆனால் அதன் இரண்டு முனையும் காவிரிக் கரையில்.

புதுச்சேரியில் வாஞ்சிநாதனுக்குச் சுடப் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர், திருச்சி வரகனேரிக்காரர். வழக்கில் முதல் எதிரியாக நிறுத்தப்பட்டவர் நீலகண்ட பிரம்மச்சாரி, சீர்காழிப் பக்கம் எருக்கூர்க்காரர். அப்போதைய கணக்கில் அது தஞ்சாவூர் ஜில்லா. ஐயர், புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து தப்பி 1910 கடைசியில் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு மண் என்பதால் 1878 சட்டம் அங்கே செல்லாது. தஞ்சாவூர்க் கடற்கரையிலேயே இருந்த காரைக்காலிலும் செல்லாது. பிரிட்டிஷ் போலீஸ் இரண்டு ஊர் எல்லையிலும் கண்ணை வைத்துக்கொண்டு நின்றதில் ஆச்சரியமில்லை.

வாஞ்சியிடமிருந்து கைப்பற்றியது பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் ஊர் ஆலை செய்த பிரௌனிங் பிஸ்டல். அமெரிக்காவில் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரௌனிங் வரைந்தது. அந்த ஆலையின் 1900-ம் வருஷ மாடல் மட்டும் சுமார் 7 லட்சம் உருவாகி உலகமெங்கும் போனது. கோட்டுப் பையில் அடங்கும் அளவு, 7.65 மி.மீ. தோட்டா, மேகசினில் ஏழு. இடப்பக்கம் பின்னால், கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு நெம்பு. பக்கத்தில் ‘சுடு’, ‘பத்திரம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் வெட்டியிருக்கும். 1904-ல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் போப்ரிகோவைச் சுட்டதும், 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியர் ஆன் ஜுங்-குன் ஜப்பானிய அரசியல்வாதி இட்டோவைச் சுட்டதும் இந்த மாடல்தான். அதே 1909-ல் சாவர்க்கர் லண்டனிலிருந்து 20 பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியா ஹவுஸ் சமையல்காரர் ஒருவரின் பெட்டிக்குக் கள்ள அடித்தட்டுப் போட்டு பம்பாய்க்கு அனுப்பினார்; அவற்றில் ஒன்று டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்ஸனைக் கொன்றது.

இந்தக் கொலைகளின் நியாய அநியாயம் எனக்குத் தொழில் இல்லை. ஆர்மரர் கண்ணுக்குத் தெரிகிறது வேறொன்று: பயிற்சி. லண்டனில் 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்ட மதன்லால் திங்ரா, டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்த ஒரு சுடுகளத்தில் காசு கொடுத்துப் பழகியவர். வாஞ்சி 1911 தொடக்கத்தில் புதுச்சேரிக்குப் போய், கரடிக்குப்பம் பக்கம் ஐயரிடம் பழகினார். புனலூர் வனத்துறையில் குமாஸ்தா வேலை பார்த்தவர் அவர். அதற்கு முன் ஆயுதம் பிடித்த கையல்ல. பிரௌனிங்கை ஒருவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லித் தருகிறவர் முதலில் தொட்டுக் காட்ட வேண்டியது அந்த நெம்பைத்தான். தோட்டா இல்லாமல், நெம்பை இறக்கு, ஏற்று, இறக்கு என்று கட்டைவிரலுக்கு அலுப்புத் தட்டும் வரை செய்யச் சொல்ல வேண்டும். குறி பார்ப்பது அதற்குப் பிறகு.

ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஆஷ் துரையை மிக அருகில் நின்று சுட்டார் வாஞ்சி. பிறகு பிளாட்பாரக் கழிப்பிடத்துக்குள் போய்த் தன் வாயில் சுட்டுக்கொண்டார். எருக்கூர் நீலகண்டருக்கு 1912-ல் ஏழாண்டுக் கடுங்காவல். பின்னாளில் அவர் சாமியாராகி மைசூர்ப் பக்கம் நந்திமலையில் 1978 வரை வாழ்ந்தார்.

அதே 1911 மார்ச் 29-ல் அமெரிக்க ராணுவம் அதே பிரௌனிங்கின் வேறொரு பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. வருஷமே அதற்குப் பேராகிவிட்டது. முந்தைய வருஷம் அவர் கொடுத்த மாதிரியில் கட்டைவிரல் நெம்பு இல்லை. பிடியை இறுக்கினால் விலகிக்கொள்ளும் தடுப்பு போதும் என்பது அவர் எண்ணம். குதிரைப்படைக்காரர்கள் ஒப்பவில்லை. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஹாமர் இழுபட்டு நிற்கும் பிஸ்டல். குதிரை மிரண்டால் ஹாமரை மெல்ல இறக்க இன்னொரு கை ஏது? ஒரே கையால் பூட்டித் திரும்ப உறையில் செருக வழி வேண்டும் என்றார்கள். கட்டைவிரல் நெம்பு சேர்ந்தது. ஆக, இந்த பிஸ்டலில் நெம்பு வந்தது தினமும் பழகுகிற ஆட்கள் கேட்டதால். பழகாதவனைக் காப்பாற்றவென்று யாரும் அதைச் செய்யவில்லை. பின்னால் கடைக்காரர்கள்தான் அப்படிச் சொல்லி விற்றார்கள்.

தஞ்சாவூர் மிராசுதார் வீடுகளுக்குக் கைத்துப்பாக்கி வந்தது இந்தக் கடைக்காரர்கள் வழியாகத்தான். வெப்ளி கம்பெனியின் .32 பிஸ்டல், அதை லண்டன் போலீசும் 1911-ல் எடுத்துக்கொண்டது. கோல்ட் கம்பெனியின் ஹாமர் தெரியாத 1903 மாடல். 1929-க்குப் பிறகு ஜெர்மன் வால்தர். மற்றவர்கள் வாங்கியது ரிவால்வர்: வெப்ளியோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோ. ரிவால்வரில் பொதுவாக நெம்பே கிடையாது. ஹாமர் கீழே இருக்கும்போது விசையை நீளமாக, கனமாக இழுத்தால்தான் சுடும். அந்தக் கனமே தடுப்பு. பழைய ரிவால்வர்களில் ஹாமருக்கு நேர் எதிரே இருக்கும் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுவார்கள், கீழே விழுந்து அடிபட்டால் வெடிக்காமல் இருக்க. ரிவால்வரிலும் நெம்பு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் போலீசுக்கென்று வெப்ளி செய்து கொடுத்த .38 ரிவால்வர்களில் அப்படி ஒரு நெம்பு உண்டு. எங்கள் பக்கத்துக்கு அது வந்து நான் பார்த்ததில்லை.

சிக்கல் இங்கேதான். கோல்ட்டில் நெம்பை மேலே தள்ளினால் பூட்டும். கீழே தள்ளினால் சுடும். வால்தரில் நெம்பு ஸ்லைடின் மேலேயே இருக்கும். கீழே தள்ளினால் பூட்டும், கூடவே ஹாமரையும் இறக்கிவிடும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரு வீட்டில் தாத்தா வாங்கிய கோல்ட்டும் அப்பா வாங்கிய வால்தரும் ஒரே பீரோவில் இருந்தால், பேரன் கைக்கு எது வந்தாலும் ஆபத்துத்தான். ஒரு ஆள் ஒரு மாதிரியிலேயே நிற்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால். இடது கைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். அந்தக் காலத்து நெம்பு எல்லாம் இடப்பக்கம் மட்டும்தான், வலது கட்டைவிரலுக்கென்றே வைத்தது.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் பார்த்த வெப்ளி .32 ஒன்று மறக்காது. கொண்டுவந்த பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது, மரியாதையான மனிதர். “பூட்டித்தான் வச்சிருக்கேன் தம்பி, எங்கப்பா காலத்துலேருந்து பூட்டினது பூட்டினபடி” என்றார். நெம்பு சுடும் நிலையில் இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து அப்படியே இறுகிவிட்டது; ஆண்டுக்கணக்கில் ஏற்றி இறக்காத மதகுப் பலகை ஆடியில் தண்ணீர் வரும்போது நகருமா? மேகசினைக் கழற்றினேன். காலி. பெரியவர் சிரித்தார். ஸ்லைடை எண்ணெய் விட்டு, குழலை மணல் வாளிக்கு நேராகப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தபோது சேம்பரிலிருந்து பச்சை பூத்த ஒரு தோட்டா விழுந்தது. அவர் அப்பா எப்போதோ போட்டது. அந்த பிஸ்டலைத்தான் பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் தலையணைப் பக்கம் வைத்திருந்தார்கள். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதைத் திரும்பக் கொடுக்காமலே வச்சுக்க வழி இருக்கா?” என்று கேட்டார்.

ஆயுதம் இருந்த இன்னொரு விதத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தச் சீமையின் கதை பொய்யாகிவிடும். 1940-களில் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் சங்கம் சேர்ந்தபோது கிழக்குத் தஞ்சையில் மலபார் ஸ்பெஷல் போலீஸை இறக்கினார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிச் சண்டை ஓயவில்லை. மிராசுதார் வீட்டு லைசென்ஸில் காரணம் எழுதும் இடத்தில் உயிர், உடைமைப் பாதுகாப்பு என்று இருக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு மிராசுதார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு போனார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் கூலிக்காரர்கள்மேல் சுட்டார்கள். ஒரே குடிசைக்குள் ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தியதில் 44 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சேஃப்டி என்பது தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க வைத்தது. அன்றைக்கு எதுவும் தவறுதலாக வெடிக்கவில்லை.

எங்கள் படையில் கதை வேறு விதம். போலீஸ்காரனுக்குப் பயிற்சி உண்டு, ஆனால் ஆயுதம் மாறிக்கொண்டே இருக்கும். .303 ரைபிளில் சேஃப்டி இடப்பக்கம் பின்னால். பின்னுக்கு இழுத்தால் பூட்டும். எஸ்.எல்.ஆர். ரைபிளில் கைப்பிடிக்கு மேலே. மேலே ஏற்றினால் பூட்டும். சப்-இன்ஸ்பெக்டர்களுக்குக் கொடுத்த .38 ரிவால்வரில் எதுவுமே கிடையாது. அந்த ரிவால்வரிலேயே பதினைந்து வருஷம் பழகிய ஒருவர் கையில் 9 மி.மீ. பிஸ்டலைக் கொடுத்தால் என்ன ஆகும்? ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். உத்தரவு கொடுத்ததும் கையை நீட்டுவார், இழுப்பார், ஒன்றும் நடக்காது. பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குழல் பக்கத்திலிருப்பவரை நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் மணிக்கட்டைப் பிடிக்கவில்லையென்றால் விபரீதம்.

அந்த 9 மி.மீ. பிஸ்டல் பிரௌனிங் தொடங்கி வைத்து, அவர் 1926-ல் இறந்த பிறகு பெல்ஜியர் சைவ் முடித்த வடிவம். இஷாப்பூர் ஆலையில் நம் நாட்டிலேயே செய்தார்கள், மேகசினில் 13 ரவுண்டு. நல்ல பிஸ்டல். ஆனால் அதன் பழைய நெம்பு சின்னது, விறைப்பானது. தடித்த விரலுக்கு அகப்படாது. ஹாமர் இழுபட்டிருந்தால்தான் அது பூட்டவே செய்யும். இன்னொன்று, மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. இது நல்லதுதானே என்று தோன்றும். சேம்பரில் ரவுண்டு இருக்க, மேகசினைக் கழற்றி விசையை இழுத்துப் பார்த்து, “காலி” என்று கொடுத்துவிட்டுப் போகிறவன் இருக்கிறானே, அவனை உருவாக்குவது இந்த வசதிதான். அடுத்தவன் மேகசினைச் செருகியதும் அது முழு ஆயுதம். அதனால் எங்களுக்குச் சொல்லித் தந்தது: மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, சேம்பரைக் கண்ணால் பார், விரலை விட்டும் பார். இருட்டில் கண்ணை நம்ப முடியாது. எடுத்துச் செல்லும்போது மேகசின் உள்ளே, சேம்பர் காலி. தேவை வந்தால் ஸ்லைடை இழு. இப்படிச் செய்தால் நெம்பின் வேலை பாதி குறைந்துவிடும். இரண்டாவது கை வேண்டும் என்பதும் ஒரு நொடி கூடும் என்பதும் அதற்கான விலை. அமெரிக்கர்கள் பலர் சேம்பரில் ரவுண்டைப் போட்டு, ஹாமரை இழுத்து, நெம்பைப் பூட்டி உறையில் வைப்பார்கள். உறையிலிருந்து எடுத்துக் குழல் குறியை நோக்கித் திரும்பும்போதே கட்டைவிரல் நெம்பை இறக்கியாக வேண்டும். சுட்டு முடித்ததும், உறைக்குக் கொண்டுபோகுமுன் ஏற்றியாக வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை செய்த கைக்கு அது பேச்சு மூச்சில்லாமல் நடக்கும்.

அந்த ஆயிரத்துக்கு நம் லைசென்ஸ்காரர் எங்கே போவார்? எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை லைசென்ஸே கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு. தனியாருக்குச் சுடப் பழக இடம் ஒரு சில ஊர்களில்தான். அதனால் வாங்கிய பெட்டி பிரிக்காமலே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோக, பழைய வெப்ளிக்கும் வால்தருக்கும் லட்சக்கணக்கில் விலை ஏறியது. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட அளவு. சாதாரண ஆளுக்குக் கிடையாது. ஆக மிஞ்சியது .32. கான்பூர் ஆலை வெப்ளியின் சாயலில் செய்த ஆறு தோட்டா ரிவால்வர், இஷாப்பூர் ஆலையின் .32 பிஸ்டல். டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற இலேசான ரிவால்வர் வந்தது, சுமார் 500 கிராம், விலை 1,22,000 ரூபாய்க்கும் மேல். டெல்டாவில் நடவு நடுகிற எந்தப் பெண் அந்த விலைக்கு வாங்குவாள் என்று அப்போது எங்கள் அலுவலகத்தில் பேசிச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாத சிரிப்புத்தான், ஆனால் கணக்கு அதுதான்.

உலகம் இதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட குளோக் பிஸ்டலில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. விசையின் நடுவிலேயே ஒரு சின்ன நாக்கு. விரல் நேராக அழுத்தினால்தான் விசை நகரும். இளம் அதிகாரிகளுக்கு அது பிடித்துப்போனது, எடு, இழு, அவ்வளவுதான் என்று. நான் சொல்வேன்: நெம்பு இல்லாததில் விரல்தான் நெம்பு. சுடும் முடிவு எடுக்கும் வரை ஆட்காட்டி விரல் விசைக் கூண்டுக்கு வெளியே நீண்டு கிடக்க வேண்டும். உறையில் செருகும்போது சட்டை நுனி விசையில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாதவனுக்கு நெம்பு வைத்த பிஸ்டலும் ஆகாது, வைக்காததும் ஆகாது.

சட்டம் இதைக் கவனிக்க 2016 ஆனது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் பயிர்க்காவலுக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது. அதன் கீழ் வந்த 1962 விதிகளில் லைசென்ஸ் கேட்பவனுக்கு ஆயுதத்தைப் பிடிக்கத் தெரியுமா என்று சோதிக்க ஏற்பாடு இல்லை. 2016 ஜூலையில் வந்த புதிய விதிகள்தான் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியைப் புகுத்தி, முடித்ததற்கு எஸ்-1 என்ற படிவத்தில் சான்றிதழ் வேண்டும் என்றன. கையாளுவது, எடுத்துச் செல்வது, வைத்துப் பூட்டுவது, சுடுவது என்று பாடம். 2019 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டு ஆக்கியது. மூன்றாவதை ஒப்படைக்க வேண்டி வந்தபோது பல வீடுகளில் முதலில் வெளியே வந்தவை தாத்தா காலத்து பிஸ்டல்கள்தான். ரெட்டைக்குழலைக் கொடுக்க மனசு வரவில்லை. அது கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறது அல்லவா.

இப்போதும் தெரிந்தவர்கள் வழியாக யாராவது வீட்டுக்கு வருவார்கள். அப்பா காலமாகிவிட்டார், லைசென்ஸை என் பேருக்கு மாற்றப் போகிறேன். பிஸ்டலையே வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிட்டு ரிவால்வர் வாங்கலாமா, எதில் சேஃப்டி அதிகம் அண்ணே என்று கேட்பார்கள். மாதம் ஒரு தடவையாவது ரேஞ்சுக்குப் போவீங்களா என்று திருப்பிக் கேட்பேன். நடவு, அறுப்பு, கல்யாணம், கோர்ட்டு கேஸ் என்று இழுப்பார்கள். அப்படியானால் நெம்பு இருக்கிற பிஸ்டல் வேண்டாம், ரிவால்வர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்; தோட்டாவை வேறு இடத்தில், வேறு பூட்டில் வையுங்கள். அப்படிப் பிரித்து வைத்தால் ராத்திரி திருடன் வந்தால் எப்படி எடுப்பது என்பார்கள். அதற்கு நாய் வளர்ப்பதுதான் சுலபம் என்று நான் சொன்னால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். மீதிப் பேர் ஒப்படைக்க என்னென்ன படிவம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள்.